தீவுக்குத் திரும்புகிறவர்கள்

சென்ற தைத் திங்களில் நமது சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு வந்திருந்த அன்பர்கள், பந்தியின் கோடியில் நம் வீட்டுப் பெண்களோடு அமர்ந்து, சர்க்கரைப் பொங்கலை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கி உண்ட ஒரு விருந்தாளியை மறந்திருக்க மாட்டார்கள். முகச்சாடையில் நம்மவரைப் போலவே இருந்தார். தமிழ் மட்டும் பேச வரவில்லை. தாத்தா, பாட்டி, சோறு, சாமி என்று ஒரு கைப்பிடிச் சொற்களே அவரிடம் எஞ்சியிருந்தன. அவருடைய முன்னோர் தமிழ் நாட்டிலிருந்து கப்பலேறிப் போனவர்கள். தாம் பிறந்தது ஒரு சிறு தீவு என்றும், அத்தீவு அரசாங்கத்தின் புள்ளியியல் அலுவலகத்தில் பணியாற்றுவதாகவும், பத்து மாதப் பயிற்சிக்காகக் கல்கத்தா வந்திருப்பதாகவும் ஆங்கிலத்தில் தெரிவித்தார். தம் பெயரையும் தீவின் பெயரையும் எழுத வேண்டாமென்று அவர் கேட்டுக்கொண்டமையால் அவற்றை இங்கே குறிப்பிடவில்லை.

விழா முடிந்து மாலையில் அவரை நம் ஊர் ஏரிக்கரைக்கு அழைத்துச் சென்றோம். குளிர்காலத்தில் அங்கே வந்து தங்கும் நீர்ப்பறவைகளைப் பார்க்க நகரத்திலிருந்தே கூட்டம் வருவது நமக்குப் புதிதன்று. ஆகாயத்தாமரையை முற்றிலும் அகற்றிவிடாமல், பறவைகள் அமர்வதற்கென்று ஆங்காங்கே திட்டுத் திட்டாக விட்டுவைக்கும் வழக்கத்தை அவருக்கு எடுத்துச் சொன்னோம். அவர் அதைக் கேட்டு மிகவும் சிரித்தார். தம் ஊரில் தீவுகளைக் கடல் தின்கிறதென்றும், இங்கே நாம் தீவுகளைச் செய்து வைக்கிறோமென்றும் சொன்னார்.

திரும்பும் வழியில்தான் அந்த வார்த்தை எழுந்தது. உடன் வந்தவர்களில் ஒருவர் ரெயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முதியவர், எண்பதைக் கடந்தவர், பிறந்த மண் தஞ்சை ஜில்லா. அவர் அப்பெண்மணியைப் பார்த்து, "ஏன் குழந்தே, இவ்வளவு படித்துவிட்டு அந்தத் துளியூண்டு தீவுக்குத் திரும்பிப் போகத்தான் வேண்டுமா? பெரிய ஊராகப் பார்த்து உட்கார்ந்துவிடேன்!" என்றார். அவருடைய பேத்தி அதை ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னாள். விருந்தாளி சற்று நேரம் பேசாமல் நடந்தார். பிறகு, "தாத்தா, என் நாற்காலியில் உட்கார வேறு ஆள் இல்லை" என்றார்.

நம்மில் ஒருவரும் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை நமக்கு இல்லை என்பதே காரணமாயிருக்கலாம். அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

அவர் பயின்ற இடம் நமக்கு அயலிடமன்று. கோனா நெடுஞ்சாலையைப் பிடித்து, கங்கையைக் கடந்து தட்சிணேசுவரத்தில் இறங்கினால், பாரக்பூர்ப் பெருஞ்சாலையில் பாராநகர். அங்கே இந்தியப் புள்ளியியல் கழகம். பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ் 1931-இல் தொடங்கிய அந்தக் கழகம் உலகப் புகழ் பெற்றதென்பது பலரும் அறிந்ததே. அதன் வளாகத்தில் 1950 முதல் அனைத்துலகப் புள்ளியியல் கல்வி நிலையம் ஒன்று நடந்து வருவது அத்துணைப் பேருக்குத் தெரியாது. ஆசியா, ஆப்பிரிக்கா, தீவுகள் ஆகிய திசைகளிலிருந்து அரசாங்க அலுவலர்கள் வந்து, எண்ணவும் எண்ணியதைச் சரிபார்க்கவும் கற்று, டிப்ளமா பெற்றுத் திரும்புகிறார்கள். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக நம் ஊருக்கு அக்கரையில் நடந்துவரும் இக்காரியத்தை நாம் கண்ணெடுத்துப் பார்த்ததில்லை.

இவ்வாறு ஒரு நாடு பிறநாட்டாருக்குத் தொழில் கற்பிக்கும் ஏற்பாடு நம் பக்கத்தில் வேரூன்றியதே ஒரு தீவில்தான். 1950 ஜனவரியில் கொழும்பு நகரில் காமன்வெல்த் நாடுகளின் வெளிநாட்டு அமைச்சர்கள் கூடினார்கள். அங்கே பிறந்த கொழும்புத் திட்டம் 1951 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது. பணமும் யந்திரமும் தருவதோடு, ஆட்களை வரவழைத்துப் பயிற்சியளிப்பதும் நிபுணர்களை அனுப்பி வைப்பதும் அதன் முக்கியமான அங்கங்கள். இந்தியா அதில் பெறுவோராகவும் தருவோராகவும் ஒரே சமயத்தில் இருந்தது. 1963-இல் மாலத்தீவும் 1972-இல் பிஜியும் சேர்ந்தன. இதற்கிடையில், 1964 செப்டம்பர் 15-ஆம் நாள், இந்திய அரசாங்கம் தானே ஒரு தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தை ஏற்படுத்தியது. அதன் சுருக்கப் பெயர் ஐடெக். விமானக் கட்டணம், தங்குமிடம், படிப்புச் செலவு, கைச்செலவுக்கு ஒரு தொகை ஆகிய அனைத்தையும் நம் அரசாங்கமே ஏற்கிறது. 160 நாடுகளுக்கு இத்திட்டம் திறந்திருக்கிறது. இலங்கைக்கு மட்டும் ஆண்டுதோறும் சுமார் 400 இடங்கள் ஒதுக்கப்பட்டு வந்திருக்கின்றன.

கொடுப்பது நல்ல காரியந்தான். ஆனால் கொடுத்தது தீவில் தங்குகிறதா என்பதே கேள்வி.

தீவுகளுக்கு இக்கேள்வி ஏன் தனியாக எழுகிறதென்று வாசகர் கேட்கலாம். நம் விருந்தாளி சொன்னதையே உதாரணமாகக் கொள்வோம். அவருடைய அலுவலகத்தில் மொத்தம் ஏழு பேர். விலைவாசிக் குறியீட்டெண் கணக்கிடத் தெரிந்தவர்கள் அவர்களில் இருவர். ஒருவர் கல்கத்தாவில் இருந்தால் மற்றவர் இருவர் வேலையையும் பார்க்க வேண்டும். அவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த மாதம் அந்நாட்டில் விலைவாசி ஏறிற்றா இறங்கிற்றா என்பது யாருக்கும் தெரியாது. பெரிய நாடுகளில் ஓர் அலுவலர் பயிற்சிக்குப் போனால் அவருடைய கோப்பு அடுத்த மேஜைக்குப் போகும். அங்கே அடுத்த மேஜை கிடையாது. துவாலு என்னும் நாட்டில் வாழும் மக்கள் சுமார் 11,000 பேர். நம் பக்கத்தில் ஒரு சிறு பேட்டையிலேயே அவ்வளவு பேர் இருப்பார்கள். ஆனால் அவர்களுக்கும் ஒரு நீதிமன்றம், ஒரு மருத்துவமனை, ஒரு வானிலை அலுவலகம், ஒரு வரவு செலவுத் திட்டம் வேண்டும். கிரிபாட்டி என்னும் நாடோ 33 தீவுகள். அவை சிதறிக் கிடக்கும் கடற்பரப்பு நம் பாரத நாட்டின் பரப்புக்கு ஏறத்தாழச் சமம்.

பாடமும் அவர்களுக்குப் பாதியே பொருந்துகிறது. மாதிரிக் கணக்கெடுப்பு என்பது பெரிய நாட்டாருக்கு ஒரு வரப்பிரசாதம். பத்துக் கோடிப் பேரிடையே ஆயிரம் பேரைச் சரியான முறையில் பொறுக்கி எடுத்துக் கேட்டால், எவ்வளவு துல்லியமான விடை வருமோ, பத்து லட்சம் பேரிடையே ஆயிரம் பேரைக் கேட்டாலும் கிட்டத்தட்ட அதே துல்லியந்தான் வரும். ஆகவே ஜனத்தொகை பெருகப் பெருகச் செலவு மலிகிறது. தீவில் இக்கணக்குத் தலைகீழாகிவிடுகிறது. இரண்டாயிரம் வீடுகளே உள்ள தீவில் அதே அளவு துல்லியம் வேண்டுமென்றால் சுமார் 670 வீடுகளின் கதவைத் தட்ட வேண்டும். அதாவது மூன்றில் ஒரு வீடு. "இதற்கு எல்லா வீட்டுக்கும் போய்விடலாமே!" என்றார் அவர். இன்னொரு சங்கடமும் உண்டு. நம் நாட்டில் மருத்துவர்களின் சராசரி வருமானம் இன்னது என்று அட்டவணை போட்டால் ஒருவரையும் அது காட்டிக்கொடுப்பதில்லை. ஒரே ஒரு பல் மருத்துவர் இருக்கும் தீவில் அந்த அட்டவணையை அச்சிட்டால், மறுநாள் மீன் சந்தையில் அவருடைய சம்பளத்தைப் பற்றித்தான் பேச்சாயிருக்கும்! எதை எண்ணுவது என்பதோடு, எண்ணியதில் எதை மறைப்பது என்பதையும் அவர்கள் கற்றாக வேண்டும். பாராநகரில் ஆசிரியர்கள் இதைப் பொறுமையாகக் கேட்டுத் தமக்கென்று தனிக் கணக்குகள் போட்டுத் தந்ததாக நன்றியோடு சொன்னார்.

யந்திரத்தைக் கொடுத்துவிட்டுத் தொழிலைக் கொடுக்காவிட்டால் என்ன நேரும் என்பதற்கு மாலத்தீவில் நடந்தது கண்முன் நிற்கிறது. இந்தியா அந்நாட்டுக்கு இரண்டு ஹெலிகாப்டர்களையும் ஒரு டார்னியர் விமானத்தையும் வழங்கியிருந்தது. ஏறத்தாழ 1,200 தீவுகள் கொண்ட நாட்டில், எங்கோ ஒரு தீவில் பிரசவ வேதனையில் துடிப்பவளைத் தலைநகருக்குக் கொண்டுவர அவை எவ்வளவு பெரிய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவற்றை இயக்கியவர்களும் பராமரித்தவர்களும் இந்தியப் படையினரே. அரசியல் மாறியது, அவர்கள் வெளியேற வேண்டுமென்று புதிய அரசாங்கம் கேட்டது, எழுபதுக்கு மேற்பட்டோர் 2024 மே மாதத்துக்குள் திரும்பி, அவர்கள் இடத்துக்கு இந்தியாவிலிருந்தே சிவிலியன் தொழில்நுட்பர்கள் போனார்கள். அதே மே மாதத்தில் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சரே, தம் படையில் அவ்விமானங்களை ஓட்டத் தகுதி பெற்றவர் ஒருவரும் இல்லையென்றும், சிலருக்குத் தொடங்கிய பயிற்சி பல காரணங்களால் முற்றுப் பெறவில்லையென்றும் ஒப்புக்கொண்டார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்வது இப்பகுதியின் வேலையன்று. நட்பு நிலவிய நாட்களில் பயிற்சி முடிந்திருந்தால், நட்பில் விரிசல் கண்ட நாளில் நோயாளிகளின் கதி யாருடைய தயவையும் பார்த்து நின்றிருக்காது என்று மட்டும் தோன்றுகிறது.

அதே தலைநகர் மாலியில் 2014 டிசம்பர் 4-ஆம் நாள், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் தீப்பிடித்து லட்சம் பேருக்கு மேல் தண்ணீரின்றித் தவித்ததும் நினைவிருக்கலாம். நம் விமானங்களும் கப்பல்களும் உடனே குடிநீர் கொண்டு சென்றன. அது போற்றத்தக்க செயல். ஆனாலும் கப்பலில் போகும் தண்ணீர் தீர்ந்துவிடும்.

டோங்கா நாட்டில் நிகழ்ந்தது இதைவிடப் பெரிய பாடம். 2022 ஜனவரி 15-ஆம் நாள் கடலடி எரிமலை வெடித்து, அந்நாட்டை உலகத்தோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. அதைச் சீராக்க ஐந்து வாரங்கள் ஆயின. அயல்நாட்டு நிபுணர் எத்துணைக் கெட்டிக்காரராயினும் அந்நாட்களில் அவரை யார் கூப்பிட முடியும்? சாம்பல் விழுந்த குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யவும், இடிந்த வீடுகளை எண்ணவும், மின்சாரத்தை மீட்கவும் அன்று தீவில் இருந்த கைகளே உதவின. பயிற்சித் திட்டங்களைப் பற்றி எழுதுவோர் ஆயிரம் பக்கம் எழுதலாம். அந்த ஐந்து வாரங்களைப் போல விளக்கமாக எழுத இயலாது.

இத்திட்டங்களில் குறைகள் இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. இரண்டு வாரப் படிப்பு. அதில் மூன்று நாள் ஊர் சுற்றல். ஒரு நாள் தாஜ்மகால். முடிவில் சான்றிதழும் குழுப் புகைப்படமும். இத்தகைய வகுப்புகள் எல்லா நாட்டிலும் உண்டு. ஓய்வு பெறப் போகும் மேலதிகாரிக்கு உபசாரமாக வெளிநாட்டுப் பயணம் கொடுத்து, வேலை செய்யும் இளைஞரை விட்டுவிடுவதும் உண்டென்று கேள்வி. எண்ணிக்கையைக் கண்டு மயங்குவதும் எளிது. மாலத்தீவின் அரசு அலுவலர் ஆயிரம் பேருக்கு இந்தியாவில் நிர்வாகப் பயிற்சி தரும் ஒப்பந்தம் நிறைவேறி, 2024 ஆகஸ்டில் இன்னும் ஆயிரம் பேருக்குப் புதுப்பிக்கப்பட்டது. இலங்கையின் அரசு அலுவலர் 1,500 பேருக்கு ஐந்தாண்டுகளில் பயிற்சியளிப்பதாக அதே ஆண்டு டிசம்பரில் அறிவிப்பு வந்தது. ஐந்து லட்சம் பேர் உள்ள நாட்டுக்கு ஆயிரம் அலுவலர் என்பது மிகப் பெரிய தொகை. அவர்கள் கற்றது எந்தத் தீவின் எந்தப் படகுத் துறையில் பயன்பட்டது என்றும் ஒருவர் போய்ப் பார்த்து எழுதினால் நாம் ஆவலோடு படிப்போம்.

யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் வேறு யாரும் எண்ணாத வழியில் எண்ணியவர்கள் ராஜஸ்தானத்தில் இருக்கிறார்கள். அஜ்மீர் ஜில்லா திலோனியா கிராமத்தில் 1972-இல் பங்கர் ராய் என்பவர் தொடங்கிய ஸ்தாபனம் அது. எழுதப் படிக்கத் தெரியாத, நடுவயதைக் கடந்த கிராமத்துப் பெண்களை, பாட்டிமார்கள் உட்பட, உலகின் பல மூலைகளிலிருந்தும் வரவழைத்து, ஆறு மாதத்தில் சூரிய ஒளி விளக்குகளை அமைக்கவும் பழுது பார்க்கவும் கற்றுத் தருகிறார்கள். 2008 முதல் ஐடெக் திட்டம் இதற்குத் துணை நிற்கிறது. பிஜி முதலிய பசிபிக் தீவுகளிலிருந்தும் பெண்கள் வந்து பயின்றிருக்கிறார்கள். ஆசிரியருக்கும் மாணவிக்கும் பொது மொழி கிடையாது. கம்பிகளின் நிறம், சாமான்களின் வடிவம், கையசைவு ஆகியவற்றைக் கொண்டே பாடம் நடக்கிறது. ஏன் பாட்டிகள்? இளைஞனுக்குச் சான்றிதழைக் கொடுத்தால் அதை எடுத்துக்கொண்டு பட்டணத்துக்குப் போய்விடுவான். பேரப்பிள்ளைகளை உடைய பாட்டி ஊரை விட்டுப் போகமாட்டாள் என்பதே அவர்கள் கண்ட உண்மை. இதைக் கேட்டபோது நமக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்தபின் கொஞ்சம் உறுத்திற்று. அந்த இளைஞனை நாம் கண்ணாடியில் பார்த்திருக்கிறோம்.

ஆசிரியரே வந்து தங்கிக் கற்பிக்கும் வழி ஒன்றும் உண்டு. அதை நம் சென்னையே அனுபவித்திருக்கிறது. 1959-இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி. மேற்கு ஜெர்மனியின் உதவியால் எழுந்தது. ஜெர்மானியப் பேராசிரியர்கள் வந்தார்கள். பட்டறைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் யந்திரங்கள் வந்தன. நம் ஆசிரியர்கள் ஜெர்மனி சென்று பயின்று திரும்பினார்கள். பின்னர் வந்தவர்கள் விடைபெற்றுக்கொண்டபோது கல்லூரி நின்றுவிடவில்லை. சிறு தீவுகளில் தனித்தனியே இப்படி ஒரு கல்லூரி கட்ட வசதி ஏது? ஆகையால் பசிபிக் தீவு நாடுகள் பன்னிரண்டு ஒன்று சேர்ந்து தென்பசிபிக் பல்கலைக்கழகத்தை நடத்துகின்றன. 1968-இல் பிஜியின் சுவா நகரில் தொடங்கிற்று. தூரதேசம் போகாமல் அண்டைக் கடலிலேயே படிக்க வழி செய்த அவர்களுடைய முயற்சிக்கு உதவும் பணம் வீண்போகாது என்பது நம் கருத்து.

இங்கே ஒரு பழைய சமாசாரமும் மனத்தில் வந்து நிற்கிறது. ஹூக்ளி நதியின் எதிர்க்கரையில், கிதர்பூர்ப் பக்கத்துத் துறைகளிலிருந்துதான் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய கப்பல்கள் புறப்பட்டன. 1834-இல் மொரீசியசுக்கு; 1879-இல் பிஜிக்கு. 1903 முதல் பிஜிக்குச் சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. பிஜித் தமிழர் பெரும்பாலும் அவ்வழிப் போனவர்களின் சந்ததி. அப்போது இந்தக் கரை தீவுகளுக்கு அனுப்பியது கரும்பு வெட்டும் கைகளை. அவர்களுக்குக் கற்பிக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றவில்லை. பலருக்குத் திரும்பும் வழியும் இல்லை. அவர்களுடைய கொள்ளுப் பேத்தி ஒருத்தி இன்று அதே நதிக்கரைக்கு அரசாங்க விருந்தினளாக வந்து, கணக்குக் கற்று, விமானத்தில் திரும்புகிறாள். கிதர்பூரில் 2011-இல் அமைத்த நினைவுக் கல்லை நம் விருந்தாளி தேடிப் போய்ப் பார்த்து வந்ததாகச் சொன்னார். கல்கத்தாவிலேயே வாழும் நம்மில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இனி அந்த முதியவரின் கேள்விக்கு வருவோம். அவர் தீய எண்ணத்தோடு கேட்கவில்லை. அவர் தந்தையார் பழைய வங்காள நாகபுரி ரெயில்வேயில் சேர்ந்து இப்பக்கம் வந்தவர். 1955-இல் அது தென்கிழக்கு ரெயில்வே ஆனபோதும் குடும்பம் இங்கேயே தங்கிற்று. ஊரில் தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்ற கை, ஊருக்குப் பயன்படாமல் கார்டன் ரீச் அலுவலகத்துக்குப் பயன்பட்டது. நம்மில் பலர் வீட்டிலும் கதை இதுவே. அதற்காக வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழ் நாடு பெரிது. ஒருவர் போனால் ஒன்பது பேர் அந்த இடத்துக்குக் காத்திருந்தார்கள். போகாதிருந்தால் பட்டினி கிடந்திருப்போம் என்பதும் மெய்யே. ஆனால் நம் வாழ்வில் சரியாக இருந்த ஒன்றை ஏழு பேர் அலுவலகத்துப் பெண்ணுக்குப் புத்திமதியாகச் சொல்லலாமா? அன்றிரவு வீடு திரும்பிய முதியவர் தம் பேத்தியிடம், "நான் அதைக் கேட்டிருக்கக் கூடாது" என்றாராம். அப்பேத்தியும் இவ்வாண்டு மேற்படிப்புக்குக் கனடா புறப்படுகிறாள். அவளிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

சென்ற வாரம் தீவிலிருந்து கடிதம் வந்தது. ஊர் சேர்ந்துவிட்டார். பயின்றவர்கள் சில ஆண்டுகள் அரசாங்க வேலையை விடக்கூடாதென்று அங்கே ஒரு பத்திரம் எழுதி வாங்கியிருக்கிறார்களாம். அதைப் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டதாக எழுதுகிறார். உடன் வேலை செய்பவருக்கும், வெளித் தீவொன்றின் பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் சனிக்கிழமைதோறும் கணக்குச் சொல்லித் தருகிறார். கப்பல் தாமதமானதால் சென்ற மாதம் அரிசி விலையைக் குறித்துக்கொள்ளக் கடையில் அரிசியே இல்லையாம். இல்லாத பொருளுக்கு விலை போடுவது எப்படி என்று பாராநகர் ஆசிரியருக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். நம்மிடம் கேட்டது தேன்குழல் செய்முறை. மாதர் குழுவினர் அதை எழுதி, அச்சு ஒன்றையும் சேர்த்துத் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள்.

பாராநகருக்கு அடுத்த அணி ஆகஸ்டு மாதத்தில் வந்து சேரும். அவர்களில் தீவுகளிலிருந்து வருவோரை விடுமுறை நாளொன்றில் வீட்டுக்கு அழைத்து உணவளிக்க விரும்பும் குடும்பத்தினர் காரியதரிசியிடம் பெயரைக் கொடுக்கக் கோருகிறோம். இதுவரை நான்கு குடும்பங்கள் கொடுத்திருக்கின்றன. முதற் பெயர் அந்த முதியவருடையது.